தோல் தரையில் ஒரு கறை

டெலிபோன் அலறியது.

ஓசூர் பஜாரில் தோல் கடை வைத்திருந்த குலாம் ரசூல் ரிசீவரை எடுத்தபோது காலை பத்து மணி.

"பாய்... நான் ஜோதிமணி பேசறேன். ஹால் தரையில கறை. உடனே வாங்க."

ஜோதிமணி, வால்வு ஃபேக்டரி முதலாளி சென்னகிருஷ்ணனின் மனைவி. மூன்று மாதம் முன்பு, 1989 தை மாதத்தில், எருமைத் தோலைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பலகை மேல் ஒட்டி, அந்த ஹாலுக்குத் தரை போட்டுக் கொடுத்தவர் குலாம் ரசூல். செருப்புத் தோலில் தரையா என்று ஊரே சிரித்தது. சென்னகிருஷ்ணன் மட்டும் வெறுங்காலோடு ஹாலை நாலு சுற்று சுற்றி வந்து, அவர் கையைப் பிடித்துக் கொண்டார்.

குலாம் ரசூல் உடனே போனார்.

சோபாவுக்கு அருகே கறை. கருஞ்சிவப்பு.

ராயக்கோட்டையிலிருந்து வந்த தக்காளிக் கூடை கவிழ்ந்து நசுங்கிவிட்டதாம். கணவர் பெங்களூர் போயிருக்கிறாராம். சாயங்காலம் விருந்தாளிகள் வருவதற்குள் மாற்ற வேண்டுமாம்.

குலாம் ரசூல் மண்டியிட்டார். கத்தியை இடுக்கில் விட்டு முதல் சதுரத்தை நெம்பினார்.

கை நின்றது.

தோலின் அடிப்பக்கம் முழுக்க ஊறிக் கிடந்தது. பலகையிலும் அதே பிசுபிசுப்பு... முப்பது வருஷம் தோல் மண்டியில் புழங்கிய மூக்கு அது. தக்காளிக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

"என்ன பாய்?" ஜோதிமணியின் குரல் தலைக்கு மேலே கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா. பசை கெட்டியா புடிச்சிருக்கு."

எதையும் காட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடர்ந்தார். கறைபட்ட நான்கு சதுரங்களையும் பெயர்த்து, பலகையைச் சுரண்டி, புதுத் தோல் ஒட்டி முடித்தார். பழையதைக் கொல்லையில் போட்டு எரிக்கச் சொன்னாள். மூன்றை எரித்தார். நான்காவதைப் பைக்குள் தள்ளினார்.

சைக்கிளை நேராக ஸ்டேஷனுக்கு மிதித்தார்.

இன்ஸ்பெக்டர் முனிவேல் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தோலை வாங்கி மேஜை மேல் வைத்தார். பெயர்த்த கத்தியையும் கேட்டு, கர்ச்சீப்பால் பிடித்து வாங்கினார்.

"சென்னகிருஷ்ணன் பாடி வேப்பனப்பள்ளி மாந்தோப்புல கிடைச்சிருக்கு பாய். கத்திக்குத்து."

குலாம் ரசூலின் கண் கலங்கியது. "அந்தம்மாவை விட்டுடாதீங்க சார்."

முனிவேல் டெலிபோனைச் சுழற்றினார்.

"ஜோதி... வந்துட்டாரு. நீ சொன்ன மாதிரியே ஒண்ணை ஒளிச்சு எடுத்துட்டு வந்திருக்காரு. ஆமா... கத்தியும்தான். நீ நிம்மதியா இரு."

டீ கிளாஸ் குலாம் ரசூலின் விரல்களில் இருந்து நழுவியது.

"சார்... நான்..."

"உங்க கத்தி. அதுல அவரோட ரத்தம். உங்க கைரேகை. தடயத்தை எரிச்சதும் நீங்க. பார்த்த சாட்சி வீட்டுக்காரம்மா. நான் வேற யாரைப் பாய் புடிக்கறது?"

கத்த வாயைத் திறந்தார். கத்தினால்தான் யாரிடம் சொல்வது? புகார் வாங்குகிற மேஜையே அதுதான். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து நின்றார்கள். ஜீப் உறுமியது.

முனிவேல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, கிருஷ்ணகிரி வரைக்கும் போகணும். ஜீப்புல ரெக்ஸின் சீட்டுதான் பாய்... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."