நாலு ஜிபிப் பொய்

சுமித்ரா பென்டிரைவை மேசையில் வைக்கவில்லை, வீசினாள். அது ஸமீமின் தேத்தண்ணிக் கோப்பையில் மோதி நின்றது.

தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர் ஸமீம். வருகிறவர்களின் கோபம் அவருக்குப் பழக்கம். கோப்பையை நகர்த்திவிட்டு உட்காரச் சொன்னார். உதவியாளர் நுஹா அதற்குள் பென்டிரைவைக் கணினியில் செருகிவிட்டாள். பொறுமை அவளுக்கு ஆகவே ஆகாது.

சுமித்ரா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவள் புருஷன் கிருஷ்ணகுமாரிடம்தான் ரப்பர் ஷீட் ஸ்டோரின் சாவி இருந்தது. மாரியம்மன் தேரன்று அவன் வேட்டி கட்டிக்கொண்டு, சட்டையைச் சாவியோடு கோயில் மடப்பள்ளியில் தொங்கவிட்டுப் போனான். அன்று பின்னேரம் ஸ்டோர் காலியானது. பூட்டு உடையவில்லை என்பதால் அவன்தான் கள்ளன் என்று நிர்வாகம் முடிவு கட்டிவிட்டது. நாளைக்கு விசாரணை. தோற்றால் வேலையும் போகும், குடியிருக்கும் வரிசை வீடான லயக் காம்பிராவும் போகும்.

அவனோ அன்று முழுக்கத் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டவன். இறக்கத்தில் அவன் விலகினால் தேர் ஆளை நசுக்கும். தோட்டமே பார்த்தது. ஆனால் லயத்து ஜனம் ஒன்றுக்காக ஒன்று பொய் சொல்லுமாம், தோட்டத்து மேனேஜர் துரை நம்பமாட்டாராம். தேர்த் திருவிழா வீடியோவைக் காட்டு என்றார். வீடியோவில் அந்த நேரம் மட்டும் இல்லை. அடுக்குமா இது?

"தேர் பேக்டரி வளைவுல திரும்புது. அடுத்த படத்துல கோயில் வாசல்ல நிக்குது. நடுவுல பறந்தா போச்சு?" என்றாள் சுமித்ரா. "கேட்டா, நாலு ஜிபிக்கு மேல பென்டிரைவுல ஏறாது, அதுல விட்டுப்போச்சுன்னு தலைவர் சொல்றாருங்க."

தலைவர் என்றால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சுரேந்திரன். நாளை கிருஷ்ணகுமாருக்காகப் பேசப்போகிறவரும் அவரே.

திரையில் வீடியோ நான்கு துண்டுகளாகத் தெரிந்தது. முதலாவதும் மூன்றாவதும் நாலு ஜிபியைத் தொட்டு நின்றன. இரண்டாவது மூன்று ஜிபியைக்கூட எட்டவில்லை. நாலாவது சின்னது. பென்டிரைவில் பாதிக்கு மேல் வெறும் இடம்.

யார் யார் கையில் இருந்தது என்று ஸமீம் கேட்டார். படம் பிடித்த ஸ்டூடியோ புவாட் தலைவரிடம் கொடுத்தாராம். திருவிழாப் படம் முதலில் தலைவர் வீட்டு டிவியில் ஓடும். பிறகுதான் லயம் லயமாகச் சுற்றும். தோட்டத்து வழக்கம் அது. விசாரணை வந்ததால் இந்த முறை தலைவர் வீட்டிலிருந்து நேரே சுமித்ராவிடம் வந்திருக்கிறது.

நுஹா புவாட்டைத்தான் சந்தேகித்தாள். ஒரிஜினல் அவர் கையில்தானே இருந்தது, அதையும் ஒரு கல்யாண வீடியோவுக்கு இடம் வேண்டி அழித்துவிட்டாராமே என்று பொரிந்தாள். ஸமீம் மறுக்கவில்லை. பென்டிரைவில் அழிந்தது ஏதாவது கிடக்கிறதா என்று தேடச் சொன்னார். அது முடிந்ததும் எல்லோரையும் புவாட்டின் ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்.

தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். வந்ததும் புவாட்டைத் திட்டினார். பெரிய பைல் ஏறாது என்று தெரிந்தும் ஏன் இப்படிச் செய்தாய், ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறதே என்றார். என்ன நெஞ்சழுத்தம்!

"ஏறாதுன்னுதானே துண்டு போட்டன்," என்றார் புவாட். "பென்டிரைவ புது முறையில போர்மட் பண்ணினா முழுசா ஏறும். ஆனா லயத்துப் பழைய டிவி அத வாசிக்காது. அதுக்காகத்தான் வெட்டினன். ஒரு நிமிஷம்கூட விடல்ல."

"தலைவர் சொன்ன தடை உண்மைதான்," என்றார் ஸமீம். "ஆனா அது ஒவ்வொரு பைலுக்கும் உள்ள தடை. சுமித்ரா, பாலை வாளி வாளியா நிறைச்சுட்டு வர்றப்ப எந்த வாளி குறையும்?"

"கடைசி வாளிங்க."

"இங்க இரண்டாவது வாளி குறைஞ்சிருக்கு. புவாட் ஒரிஜினல்ல வெட்டியிருந்தா, துண்டு போடுற மென்பொருள் மிச்சத்தை மறுபடி நிரப்பியிருக்கும். இரண்டாவதும் நிறைஞ்சிருக்கும். ஆகவே துண்டு போட்ட பிறகு வெட்டியவர் ஒருத்தர் இருக்கார். துண்டோட வாலை வெட்டினா, அடுத்த துண்டோட ஒட்டுல அது மறைஞ்சிடும்னு நினைச்சவர். புவாட்டுக்கும் சுமித்ராவுக்கும் நடுவுல இது ஒரே ஒரு வீட்டுலதான் இருந்துச்சு."

தலைவர் எழுந்தார். கண்டவன் பேச்சைக் கேட்க நேரமில்லை, ஆதாரம் இருந்தால் காட்டு என்றார்.

"அழிச்சீங்க. ஆனா அதுக்கு மேல வேற எதையும் எழுதல்ல. வெறும் இடம் நிறைய இருந்துச்சே," என்று ஸமீம் நுஹாவைப் பார்த்தார்.

மீட்டெடுத்துப் பென்டிரைவிலேயே ஏற்றிய இரண்டாம் துண்டை நுஹா டிவியில் ஓடவிட்டாள். தேர் பேக்டரி இறக்கத்தில் வந்தது. கிருஷ்ணகுமார் குனிந்து கட்டை போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். அவனுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஸ்டோர் கதவு திறந்து கிடந்தது. லொறியில் ஷீட் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மடப்பள்ளிச் சட்டையில் இருந்த அந்தச் சாவியை ஒரு கையில் பிடித்தபடி நின்றார் சுரேந்திரன். சாமி வரும் பாதையில் நின்று திருடியவர், தேரைக் கண்டதும் இன்னொரு கையால் கும்பிட்டார்.

தன் வீட்டு டிவியில் இதைத்தான் அவர் முதலில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் கிருஷ்ணகுமாரின் தோளில் கைபோட்டு, நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூட இருந்தே குழி பறிப்பது என்பது இதுதான்.

சுமித்ரா அழவில்லை, சாபமிடவில்லை. பென்டிரைவைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு இது ஆபீஸ்ல ஓடும். அப்புறம் லயம் லயமா ஓடும்," என்றாள். "இந்த வருஷம் உங்க வீட்டுக்குக் கடைசியாத்தான் வரும், தலைவரே."