ஏந்திரிம்மா, வண்டி வருது

ராசாங்கம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது எண்பத்து நாலாம் வருஷம், அடைமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால். ஜெயங்கொண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் மனைவி செங்கமலத்தின் கையுமாக வாசலில் நின்றார். நாலு பேர் பார்க்கப் பொண்டாட்டி கையைப் பிடிக்கிற ஆண்பிள்ளையை அரியலூரில் அப்போதெல்லாம் அதிகம் காண முடியாது. "புது எக்ஸ்ரேக்காரரு வந்துட்டாருங்க சிஸ்டர்" என்று ஆயா பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ், பெயர் கமலவேணி. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ரகம். இன்றைக்கும் அப்படித்தான். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் பாடு.

ஆஸ்பத்திரி ரொம்பப் பழைய கட்டடம். முன்பக்கம் எக்ஸ்ரே அறை, பின்கோடியில் பெண்கள் வார்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீளத் தாழ்வாரம். பாதி வழியில் அது குறுகலாக வலப்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் இருட்டு கட்டி நிற்கும். ஃபினாயில் வாடைக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு வாடை ஒன்றும் வரும். நோயாளிகளுக்குத் துணைக்கு வருகிறவர்கள் மதியச் சோறு தின்றுவிட்டுத் தாழ்வாரம் நெடுகப் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அந்தத் திருப்பத்தில் மட்டும் யாரும் படுப்பதில்லை. புதிதாக யாராவது பாயை விரித்தால் பஞ்சவர்ணம் துடைப்பத்தோடு போய் எழுப்பிவிடுவாள்.

எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குக் கட்டிலுக்கே போய்ப் படம் எடுக்க ஓர் எக்ஸ்ரே வண்டி இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான் அனுப்பியது. உள்ளே பேட்டரி, மோட்டார் எல்லாம் உண்டு. பிடியை அழுத்தினால் தானே நகரும். அதன் கனத்துக்கு நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. நாங்கள் அதை எருமை என்போம். எருமைக்கு மூக்கு ஒன்று இருந்தது. முன்பக்கம் முழங்கால் உயரத்துக்கும் கீழே, அகலமாக, ரப்பர் சுற்றிய ஒரு கம்பி. அது எதன்மேலாவது லேசாகப் பட்டு உள்ளே அமுங்கினால் போதும், மோட்டார் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சுவரோ, கட்டிலோ, மனுஷனோ, இடித்துவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு.

ராசாங்கம் முதல் முறை வண்டியைப் பெண்கள் வார்டுக்கு ஓட்டி வந்தது ஒரு மத்தியானம். நான் கூடவே நடந்தேன். திருப்பத்தில் வண்டி நின்றது.

எதிரே ஒன்றும் இல்லை. வெறும் தரை.

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். ரப்பர் கம்பி உள்ளே அமுங்கியிருந்தது.

"ஸ்பிரிங் போயிருக்கும் சார்" என்றேன், எல்லாம் தெரிந்த மாதிரி.

"இல்லைங்க சிஸ்டர். இங்க கொஞ்சம் பாருங்களேன்."

நானும் குனிந்தேன். கம்பி மெதுவாக இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே.

மூச்சைப் பார்ப்பது என் தொழில். தூங்குகிற ஆளின் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீளமாக, நிதானமாக, நாள் முழுக்க உழைத்துவிட்டுப் படுத்த உடம்பின் மூச்சு. யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். அவர்களின் விலா அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தரையில் யாரும் இல்லை.

பின்னாலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள். எங்களை ஒதுக்கிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஏந்திரிம்மா, வண்டி வருது."

கம்பி முழுசாக வெளியே வந்தது. வண்டி நகர்ந்தது.

அங்கே படுத்திருப்பது பொன்னாயி என்று ஒரு பெண், ஏலாக்குறிச்சிப் பக்கம். மகனுக்கு நெஞ்சில் சளி என்று கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் துணைக்கு இருந்தாள். கூலிவேலை செய்து அலுத்த உடம்பு, படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. அப்போதிருந்த எக்ஸ்ரேக்காரருக்கு எருமையின் மூக்கு பெரிய இம்சை. தரையின் மேடு பள்ளத்துக்கெல்லாம் நின்று நின்று போகிறதே என்று, கம்பிக்குப் பின்னால் கட்டையைச் சொருகி வைத்துவிட்டார். பிறகு அது எதில் இடித்தாலும் அமுங்காது. வண்டிக்கும் எதுவும் தெரியாது. ஒரு நாள் மதியம், இருட்டுத் திருப்பத்தில், வண்டி அவள் நெஞ்சின்மேல் ஏறிவிட்டது.

இதையெல்லாம் பஞ்சவர்ணம்தான் சொன்னாள், வார்டு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே. நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்த கதை. கட்டையை அப்போதே பிடுங்கிவிட்டார்கள், ராசாங்கம் வரும்வரை வண்டியை ஓட்டத்தான் ஆளில்லை.

"ஏத்துனதுகூடத் தெரியாம நடந்துபோச்சுன்னு வையுங்க சார். ஆனா படுத்திருக்கிறவங்கள அறியாமத் தாண்டிட்டோம்னா என்ன செய்வோம்? திரும்பத் தாண்டிட மாட்டோமா? அந்த மனுசன் பயத்துல வண்டிய அப்படியே முன்னால ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கமா ஓடிட்டாரு. திரும்பி வரவேயில்ல. அது இன்னும் எந்திரிக்காமக் கெடக்கு."

"அந்தப் பையன்?" என்று ராசாங்கம் கேட்டார்.

"பொழைச்சுக்கிட்டான். சித்தப்பங்காரன் வந்து கூட்டிக்கிட்டுப் போனான். இவளுக்கு அது தெரியாதுல்ல சார்? பாவம், காவலுக்குப் படுத்திருக்கா."

ராசாங்கம் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து திருப்பம் வந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். "ஏந்திரிம்மா, வண்டி வருது." கம்பி வெளியே வரும்வரை பொறுமையாக நிற்பார். சில நாள் உடனே வரும், சில நாள் நேரமாகும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய் போடாத ஸ்பிரிங் என்று முணுமுணுப்பேன். யாரும் என்னை நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியாக்கிய ரோடெல்லாம் குட்டையானது. அந்த ஈரத்தில் செங்கமலத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் இருமல், பிறகு நெஞ்சுக்குத்து. ஒரு விடியற்காலையில் ராசாங்கம் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இரண்டு இழுப்பு சட்சட்டென்று வரும், பிறகு ஒரு கணம் நின்று போகும். மறுபடி இரண்டு. அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் ராசாங்கமும் மூச்சை நிறுத்திக்கொள்வார்.

மதியம் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னு நினைக்கிறேன். படம் பார்க்காம ஊசி போட்டு எடுக்க பயமா இருக்கு. தூக்கிட்டுப் போனா தாங்க மாட்டா. வண்டியக் கொண்டாய்யா, சீக்கிரம்" என்றார்.

ராசாங்கம் ஓடினார். கையிலிருந்த கட்டுப்போடும் தட்டோடு நானும் ஓடினேன்.

கரண்ட் இல்லை. வெளியே மழை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் வண்டி நின்றது.

"ஏந்திரிம்மா, வண்டி வருது."

கம்பி வெளியே வரவில்லை. உள்ளே, வெளியே. நிதானமாக.

"ஏந்திரிம்மா. என் வீட்டுக்காரி அங்க கெடக்கா."

உள்ளே. வெளியே.

பஞ்சவர்ணம் அன்றைக்கென்று உறவில் ஒரு சாவு என்று உடையார்பாளையம் போயிருந்தாள். நானும் சொல்லிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் பொன்னாயிக்குக் கேட்கவில்லையோ என்னவோ. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போகலாமென்றால் முற்றமெல்லாம் முழங்கால் சேறு, இறங்கினால் வண்டி புதைந்துவிடும். வார்டிலிருந்து யாரோ பெண்பிள்ளை கத்தினாள். "சிஸ்டர், இந்தப் பொண்ணு கண்ணு சொருகுது, ஓடியாங்க!"

ராசாங்கம் வண்டியைப் பின்னால் எடுத்தார். என் தட்டிலிருந்து இரண்டு பேண்டேஜ் சுருளைப் பிடுங்கி, ரப்பர் கம்பிக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் திணித்தார்.

"சார், வேண்டாம்" என்றேன்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார். என்னிடம் அல்ல.

பிடியை அழுத்தினார்.

வண்டி போனது. முன்சக்கரம் எதன்மேலோ ஏறியது.

தரை மட்டமாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டியின் முகம் தூக்கிக்கொண்டது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சுள்ளி ஒடிகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. பிடியிலிருந்து ராசாங்கத்தின் கை துள்ளியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆனால் படம் எடுத்தார். கை நடுங்காமல் எடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் நீர் தெளிவாகத் தெரிந்தது. விலாவெல்லாம் வரிசை குலையாமல் இருந்தது, அதையும் நான் பார்த்தேன். டாக்டர் ஊசி வைத்து நீரை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் செங்கமலத்தின் உதட்டில் நிறம் வந்துவிட்டது. "ஏங்க, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ராசாங்கம் கட்டில் கால்மாட்டில் தலையைச் சாய்த்துச் சத்தமில்லாமல் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

வண்டி அன்று வார்டிலேயே நின்றது.

காலையில் மழை விட்டிருந்தது. பஞ்சவர்ணம் வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், முகம் மாறிவிட்டது. ராசாங்கத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"தாண்டுனது தாண்டியாச்சு சார். அதே வழியா வண்டியத் திருப்பிக் கொண்டாந்துடுங்க. சொருகுனத எடுக்காதீங்க. போன மாதிரியே ஒரு தடவ திரும்பத் தாண்டிட்டா தீர்ந்துச்சு. இல்லேன்னா அந்தப் பாரம் யாரு நெஞ்சுல எறங்கும்னு சொல்ல முடியாது."

"மறுபடியும் அந்தம்மா மேல ஏத்தச் சொல்றீங்களா?"

"சார், சொன்னாக் கேளுங்க."

"உங்களுக்குத் தெரியாது ஆயா. இந்தக் கைக்குத் தெரியும். ஒவ்வொரு எலும்பா ஒடிஞ்சுது. செத்த மனுஷிய எத்தனை தடவ கொல்றது? என்னால முடியாது."

பொல்லாத மனுஷராக இருந்திருந்தால் ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். முற்றத்துச் சேற்றில் பலகை போட்டு, வார்டு ஆட்களைக் கூட்டி, வண்டியைப் பின்வாசல் வழியாகச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்தார். கம்பியிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து எறிந்தார். பஞ்சவர்ணம் திருப்பத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்சக்கரம் எக்ஸ்ரே அறை வாசற்படியைத் தாண்டி உள்ளே போனபோது நான் வார்டில் இருந்தேன். செங்கமலம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் நழுவியது.

"சிஸ்டர், யாரு என் மேல..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. கை இரண்டாலும் நெஞ்சின்மேல் இல்லாத எதையோ தள்ளினாள். போர்வைக்குக் கீழே, என் கண்முன்னால், வரிசையாக அந்தச் சத்தம் கேட்டது. சுள்ளி ஒடிகிற சத்தம்.

அவளைத் தள்ளுவண்டியில் வைத்து எக்ஸ்ரே அறைக்கு ஓடினோம். ராசாங்கமே படம் எடுத்தார். கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்க விலாவும் ஒரே மட்டத்தில் ஒடிந்திருந்தது.

"இருமியே விலா ஒடியிறதுண்டு" என்றார் டாக்டர், குரல் இறங்கி. "ஆனா இப்படி ஒடியாது."

ராசாங்கம் படத்தை எடுத்துக்கொண்டு எருமையிடம் போனார். குனிந்து, ஒடிந்த இடத்தை முன்சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்தார். அகலம் சரியாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் செங்கமலம் போய்விட்டாள். அவள் கை அவர் கையில்தான் இருந்தது.

கருமாதி முடிந்து ராசாங்கம் திரும்பி வந்தார். வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தாடியோடு, முதல் நாள் கொண்டுவந்த அதே தகரப் பெட்டியோடு வந்தார். நேரே எக்ஸ்ரே அறைக்குப் போய் வண்டியை எடுத்தார். யாரும் படம் கேட்கவில்லை. நானும் பஞ்சவர்ணமும் பின்னாலேயே போனோம். எங்களுக்கு அவரை நினைத்துப் பயம்.

மத்தியானம். தாழ்வாரம் நெடுகத் துணைக்கு வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வருவதைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டார்கள்.

திருப்பத்தில் வண்டி நின்றது.

"இன்னும் இங்கதான் கெடக்குறியா?" என்றாள் பஞ்சவர்ணம் எரிச்சலோடு. தரையைப் பார்த்துப் பேச வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.

அந்தப் பழைய, நீளமான, நிதானமான மூச்சு இல்லை. கம்பி சட்சட்டென்று இரண்டு தடவை உள்ளே அமுங்கியது. பிறகு நின்றது. மறுபடி இரண்டு.

நிற்கும்போதெல்லாம் ராசாங்கமும் மூச்சை நிறுத்தினார்.

எப்படியாவது இது முடிய வேண்டும் என்று, "ஏந்திரிம்மா..." என்று தொடங்கினேன்.

ராசாங்கம் கையை நீட்டி என் வாயருகே தடுத்தார். பிடியை விட்டுவிட்டு, வண்டிக்கு முன்னால் வெறும் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்தில் காற்றில் ஒரு இடத்தில், தூங்குகிற ஆளின் தலைமேல் வைப்பதுபோலக் கையை வைத்தார்.

"எழுப்பாதீங்க சிஸ்டர்" என்றார். "இப்பதான் தூங்குறா."

கம்பி இரண்டு தடவை உள்ளே போய் வந்தது. நின்றது.