எட்டு மணி நேரத்தில் டொரண்டோ!

"ஐயோ... எம்புள்ள வந்துட்டான்!"

கொளஞ்சியம்மாளின் அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

வாடகைக் காரிலிருந்து இறங்கினான் இளவரசு. கையில் பெரிய சூட்கேஸ். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத புத்தம் புதுசு!

வாசலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவன் அப்பா ராஜமாணிக்கம். காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தவர். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வீடு வந்திருந்தார்.

கண்ணாடி மேல் விழுந்து கதறினான்.

ஒருவன் முகம் மட்டும் வெளுத்தது. ராஜ்கமல்! செத்தவரின் அக்கா மகன். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். இளவரசை டொரண்டோவுக்கு அனுப்பி வைத்த புண்ணியவான். மத்தியானத்திலிருந்து, "அவன் எங்க வரப்போறான் அத்த... எடுத்துடலாம்" என்று அவசரப்படுத்தியவன்.

"கொள்ளி வைக்க எம்புள்ள வருவான்" என்று கொளஞ்சியம்மாள்தான் விடவில்லை.

விசாரணைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் அருள்மொழி இளவரசின் தோளைத் தொட்டாள்.

"தம்பி, அம்மா எப்ப போன் பண்ணாங்க?"

"காலைல... பத்து மணிக்கு மேடம்."

"இப்ப ஆறு. டொரண்டோவுக்கும் சென்னைக்கும் பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நேர் ஃப்ளைட் கிடையாது. எறங்கி ஏறி வர இருபது மணி நேரமாவது ஆவும். அப்புறம் கார் வேற. நீங்க எட்டே மணி நேரத்துல வந்துட்டீங்க... ராக்கெட்டா?"

அவன் தலை குனிந்தது.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கடலூர்ல..."

கூட்டம் திகைத்தது!

"நா டொரண்டோவுக்கே போவல மேடம். பொய் விசா. ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. வூட்டுக்கு வர வெக்கம்... ரெண்டு வருஷமா கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஹோட்டல்ல எச்சி எலை எடுக்குறேன். நேத்து கோர்ட் வேலையா வந்த அப்பா, சாப்புட வந்தாரு. பாத்துட்டாரு."

"அவமானத்துல அடிச்சிட்டியா?"

"ஐயோ! அவுரு திட்டக்கூட இல்ல மேடம். 'யார்டா உன்ன ஏமாத்துனது'ன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். நேரா பஸ் ஏறிட்டாரு."

"நாளைக்கு வந்திருந்தா எனக்குச் சந்தேகமே வந்திருக்காதே?"

"தெரியும் மேடம். அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா அப்பா பொட்டியில கெடக்க, நா ஒரு மணி நேர தூரத்துல சும்மா ஒக்காந்துகிட்டு... முடியல மேடம்!"

"ஏமாத்துனது யாரு?"

பதிலுக்கு ஒரு நாற்காலி உருண்டது. ராஜ்கமல் பைக்கை நோக்கி ஓடினான்!

தெருமுனையைத் தாண்டுவதற்குள் கான்ஸ்டபிள் அமுக்கினார்.

"ராத்திரி பஸ் ஸ்டாண்டு பின்னாடி மாமா எஞ்சட்டையப் புடிச்சி கேட்டாரு மேடம்... கல்லால அடிச்சிட்டேன்..." உளறிக் கொட்டினான்.

ஜீப் போனது. இளவரசு அம்மாவின் காலடியில் சரிந்தான்.

"உன்னையும் ஏமாத்திட்டேம்மா..."

"எனக்குத் தெரியும்டா."

அவன் விருட்டென்று நிமிர்ந்தான்.

"நீ போன் பேசுறப்பல்லாம் பின்னாடி கண்டக்டரு 'வடலூர், நெய்வேலி'ன்னு கத்துவாரு. டொரண்டோல ஏதுடா நெய்வேலி பஸ்ஸு? நீயே சொல்லுவன்னு காத்திருந்தேன். அந்த மனுசன்கிட்ட நா முன்னாடியே சொல்லியிருந்தா... இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு."

நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்தாள்.

"நா செத்தா ஃப்ளைட் புடிச்சி வராதடா... கடலூர் பஸ்லயே வா. அதுதான் சீக்கிரம் வருது!"