மூடியால் இறைத்த கிணறு

ஒரே ஒரு சேலையால் ஒரு கிணற்றையே கெடுக்க முடியுமா? முடியும் என்று எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சோறுகூட இறங்கவில்லை.

நான் ரைசா. அப்போது ஆறாம் வகுப்பு. திருப்பூரில் நொய்யல் கரையோரம் ஞானாம்பாள் அம்மாவின் எட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. எட்டுக்கும் ஒரே கிணறு. பக்கத்து வீட்டு வேல்விழி என் வகுப்பு, என் பெஞ்சு, என் உயிர்.

அவள் அம்மா மூக்கம்மாள் அத்தைக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. சொந்த ஊர்க் கோயில் கொடைக்காகச் சிவப்புச் சேலை வாங்கி, திங்கட்கிழமை கிணற்றடியில் அலசினார். சாயம் ஓடு ஓடு என்று ஓடி, துவைக்கிற கல் முழுக்கச் சிவப்பு. புதன்கிழமை வாளியை இழுத்தால் கிணற்றுத் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வருகிறது. அவ்வளவுதான், பழி சேலை மேல் விழுந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக்கோங்க" என்றார் ஞானாம்பாள் அம்மா. எங்கள் ஊரில் வெளியே போகச் சொல்வதற்கும் ஒரு 'ங்க' உண்டு.

"ஒரு சேலையில அம்புட்டுச் சாயமா இருக்கும்?" என்று அத்தை கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. வேறு வீடு கிடைக்கும்வரை வேல்விழியை ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு நடந்தது. வேல்விழி அழவில்லை. என்னிடம் வாங்கிய ஸ்கெட்ச் பேனாக்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கிணற்றிலிருந்து நாற்பது தப்படி நடந்தால் ஆறு. அந்த வாரம் சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து ஆறே சிவப்பாகத்தான் ஓடியது. ஆற்றுச் சாயம் மண்ணுக்குள் புகுந்து வந்திருக்கலாமே என்று ஞானாம்பாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். போன மாதம் ஆறு நீலம், அதற்கு முன்னால் பச்சை, கிணறு என்றைக்காவது நிறம் மாறியதா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

செய்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். துணி ஊற வைக்கும் பெரிய டப்பில் மணலை நிரப்பினேன். ஒரு ஓரமாக வாய்க்கால் தோண்டினேன், அது ஆறு. நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை என் அத்தா, அதாவது அப்பா, வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்து தந்தார். அதில் சுற்றிலும் ஓட்டை இருக்கும். மணல் புகாமல் பனியன் துணியைச் சுற்றி நடுவில் புதைத்தேன். குட்டிக் கிணறு தயார். நல்ல தண்ணீரை ஊற்றியதும் ஆற்றிலும் கிணற்றிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது.

பிறகு பாட்டிலில் பிடித்து வந்த சிவப்பு ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் மெதுவாக ஊற்றினேன். நானும் வேல்விழியும் காத்திருந்தோம். அரை மணி நேரம் ஆனது. குட்டிக் கிணறு பளிங்காகவே இருந்தது.

"விடு ரைசா" என்றாள் வேல்விழி. என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, எனக்குச் சிரிப்பு மூட்ட நினைத்தாள் போல. ஒரு பாட்டில் மூடியை எடுத்துக் குட்டிக் கிணற்றில் தண்ணீர் சேந்த ஆரம்பித்தாள். "ஒரு கொடம், ரெண்டு கொடம்" என்று எண்ணி எண்ணி வெளியே ஊற்றினாள். நாற்பதாவது குடத்தில் அவள் கை நின்றது.

மூடியில் இருந்த தண்ணீர் ரோஸ் நிறம்.

சும்மா கிடந்தால் ஆறு வருவதில்லை. இறைக்க இறைக்கத்தான் கிணற்றுக்குள் வருகிறது. அப்படியானால் எங்கள் கிணற்றை இவ்வளவு இறைத்தது யார்? இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். மாடி கட்டுவதற்காக ஞானாம்பாள் அம்மா பத்து நாள் முன்பு போட்ட புது மோட்டார், காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. ஆறு நீலமாகவும் பச்சையாகவும் ஓடியபோது அது இல்லை.

அதை அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? டப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய், தண்ணீரை மாற்றி, மறுபடி சாயத் தண்ணீரை ஊற்றி, மூடியை அவர் கையிலேயே கொடுத்தோம்.

ஏதோ விளையாட்டு என்று அவரும் சிரித்துக்கொண்டே இறைத்தார். முப்பது தாண்டியதும் சிரிப்பு நின்றது. மூடியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார்.

"அப்ப என்ர மோட்டாருதானா கண்ணு?"

பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத வேல்விழிதான் "ஆமாங்கம்மா" என்றாள்.

அவர் எழுந்துபோய் முதலில் மோட்டாரை நிறுத்தினார். பிறகு நேராக மூக்கம்மாள் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி, "நான் பேசுனது தப்புங்க" என்றார். அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

கிணறு தெளிய மழைக்காலம் வரை ஆனது. அதுவரை தெருக்குழாயில்தான் குடம் பிடித்தோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, வீட்டுச் சாமான் ஏற்ற அத்தை முன்பே சொல்லி வைத்திருந்த குட்டியானை வண்டி வந்து நின்றுவிட்டது. வண்டி வேண்டாம் என்று சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். ஞானாம்பாள் அம்மா கொஞ்சம் யோசித்தார். குண்டடத்தில் அவர் தம்பியின் தோட்டம் இருக்கிறது, பக்கத்தில் ஆறே கிடையாது. நாலு பேரைக் கூப்பிட்டு மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொன்னார்.

டிரைவர் எட்டு வீட்டையும் ஒரு முறை பார்த்தார். "ஒரு குடும்பம் காலி பண்ணுதுன்னு சொன்னாங்களே. சாமான் இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதானுங்க. இது ஒண்ணுதான் காலி பண்ணோணும்" என்றார் ஞானாம்பாள் அம்மா.