ஆறாவது மாடியின் எட்டாவது ஜன்னல்

வகுப்பறை வாசலில் நின்றவனின் கண்களைத்தான் டீச்சர் முதலில் பார்த்தாள். மழை சொட்டும் இமைகள்... கோபத்தில்கூட ஒருவனுக்குக் கண்கள் இவ்வளவு அழகாக இருக்குமா என்ன?

அவன் வாய் திறந்ததும் அந்த அழகெல்லாம் ஓடிப்போனது.

"எங்க செருப்புக் கடையிலேர்ந்து பெட்டி எடுத்துட்டு வந்தது நீங்கதானே? அதுல ஒன்னு காலிப் பெட்டி இல்ல. கேட்காம எடுத்தா இப்படித்தான் ஆகும்."

மூன்றாம் வகுப்பு மொத்தமும் பசை விரல்களோடு நிமிர்ந்து பார்த்தது. தரையெங்கும் அட்டைப்பெட்டி நகரம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கட்டடம். அதில் வரிசை வரிசையாக மஞ்சள் காகித ஜன்னல்கள். மாடிக்கு நான்கு ஜன்னல், ஐந்து மாடி என்றால் மொத்தம் எத்தனை? எண்ணிப் பார்க்காமல் பெருக்கிச் சொல்பவர்கள் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் வைக்கலாம். வாய்ப்பாடு என்றாலே அழுத பிள்ளைகள், இப்போது மணி அடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கல்லாவில் இருந்த பெரியவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் முன்னால் திருடியாக நிற்கவைத்துவிட்டானே... இவனிடம் போய் விளக்கம் சொல்வதா? அவள் குனிந்து, பிள்ளைகள் தபால் ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்த பெட்டியின் ஒட்டிய மூடியைக் கிழித்தாள். உள்ளே நடை பழகும் குழந்தைக்கான துணிச் செருப்பு. பஞ்சு போன்ற கனம். உள்ளே ஒன்று இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

வகுப்பின் வாயாடிப் பெண் விடவில்லை. "எங்க தபால் ஆபீஸை உடைச்சிட்டீங்க. அதுல எத்தனை ஜன்னல்னாவது சொல்லிட்டுப் போங்க அங்கிள்."

அவன் உதடசைத்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதை அவன் பார்த்துவிட்டான்...

அன்று மாலையே அவன் அப்பா, கல்லாப் பெரியவர், மகனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். மறுநாள் கடையிலிருந்து புதுப் பெட்டிகள் வந்தன. டீச்சர் திருப்பி அனுப்பினாள். அவனே சுமந்துகொண்டு பள்ளி வாசலுக்கு வந்தான். நகரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள். அட்டை நகரத்தின் எட்டாம் தெருக் கோடியில் ஒரு மனை வெறுமையாகத்தான் கிடந்தது. பெட்டி தர மட்டும் தெரிகிறது, தப்பு என்று சொல்ல வாய் வரவில்லையே... ஆனாலும் ராத்திரி படுத்தால், எண்ணும் அந்த உதடுகள்தான் கண்ணுக்குள் வந்தன. சே!

பெற்றோர் நகரத்தைப் பார்க்க வந்த நாளில் மறுபடியும் மழை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். குடை பெட்டிக்கு; நனைந்தது அவன். பெரிய பெட்டி, அவனே ஒட்டிய கோணல் ஜன்னல்கள்.

"ஆறு மாடி, மாடிக்கு எட்டு. நாற்பத்தெட்டு," என்ற வாயாடி, உடனே முகம் சுளித்தாள். "இல்ல, மேல் மாடியில ஒன்னு குறையுது. தப்பு அங்கிள்."

"தப்புதான்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கும் தப்பு பண்ணினேன். உங்க டீச்சர் கேட்டுத்தான் எடுத்தாங்க. கேட்காம பேசினது நான்."

டீச்சர் பெட்டியருகே வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஒரு ஜன்னல் எங்கே?"

"என் பையில இருக்கு... நீங்க ஒட்டணும்னு வெச்சிருக்கேன்."

"யார் வீடு இது?"

"இப்போதைக்கு இதுல நான் மட்டும்தான்..." அவன் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு நீங்க உதட்டைக் கடிச்சு சிரிப்பை அடக்கினீங்களே... அந்த நிமிஷத்துலேர்ந்து, நீங்களும் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

"எண்ணி எண்ணிக் கணக்குப் போடுறவரோட எப்படிக் குடித்தனம் பண்றதாம்?"

"வீட்லயே டீச்சர் இருந்தா கத்துக்க மாட்டேனா?"

அவள் கையை நீட்டினாள். மஞ்சள் காகிதம் அவன் சூட்டோடு இருந்தது. ஒட்டினாள். அதுவும் கோணல்தான்.

"பேரு நான் வைக்கிறேன்," என்று வாயாடி முந்தினாள்.

"இதுக்கு மட்டும் நான் வைக்கிறேனே..." என்ற டீச்சர், தரையைப் பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நம்ம வீடு."