‘விடு’ என்று சொல்லும்வரை

ஸ்கேன் அறையின் குளிரில் மருந்து நெடி உறைந்து கிடந்தது. ஆறு வயதுப் பையனை மேசையில் படுக்க வைத்தார்கள். இரத்தப் புற்றுநோய் அவன் தலையில் ஒரு முடிகூட மிச்சம் வைக்கவில்லை. வாய் மட்டும் குறையவில்லை. சுண்டெலி என்றுதான் அம்மா கூப்பிடுவாள். நெஞ்சுக்குள் அந்த நோயால் வளர்ந்த கட்டி சுருங்கியிருந்தால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் 'பிடி'ன்னா மூச்சைப் பிடிக்கணும். 'விடு'ன்னாதான் விடணும். சரியா?" என்றாள் ஸ்கேன் எடுப்பவள்.

"பயப்படாதடா, அம்மா கதவுக்கு வெளியதான் நிக்கிறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து ஸ்கேன் எடுப்பவள் மைக்கை அழுத்தினாள். "இழு... பிடி."

படம் ஓடியது. கட்டி கடுகளவுதான் மிச்சம். அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

"விடு கண்ணு."

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு வெளியேறியது. நீளமாக. ஆறு வயது நெஞ்சில் அவ்வளவு காற்றுக்கு இடமில்லை.

"தேங்க்ஸ்க்கா," என்றது ஒரு சிறுமியின் குரல். "இப்பத்தான் சொன்னீங்க."

அது அவளுக்குத் தெரிந்த குரல். போன மாதம் இதே மேசையில், இதே மாதிரிக் கட்டியோடு ஒரு சிறுமி படுத்திருந்தாள். 'பிடி' என்று சொன்ன கையோடு இவளுக்குக் கைபேசி அடித்தது. வீட்டில் சாவியைக் காணோமாம். திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பினால், சிறுமி மூச்சடங்கிப் போயிருந்தாள். 'விடுன்னு சொன்னேன் சார்' என்று டாக்டரிடம் இவள் கூசாமல் சத்தியம் செய்தாள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்திவிட்டது என்று எழுதி, பழியைக் கட்டியின் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

திரையில் பையனின் மூச்சைக் காட்டும் கோடு நேராகவே ஓடியது.

"விடுடா! மூச்சை விடு!"

கோடு அசையவில்லை.

உள்ளே ஓடி மேசையை ஸ்கேன் இயந்திரத்திலிருந்து வெளியே இழுத்தாள். பையனின் கண்கள் திறந்திருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னத்தைத் தட்டினாள், உலுக்கினாள், கத்தினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்கு அப்பால் மைக் முன்னால் யாருமில்லை.

ஆனால் அவளுடைய குரலேதான், கொஞ்சிக் கொஞ்சி, அறையெங்கும் கேட்டது.

"அப்படித்தான் தங்கம். விடாம பிடி. அக்கா போன் பேசிட்டு வந்துடறேன்."

கதவுக்கு வெளியே அந்தக் கொஞ்சலைக் கேட்டு அம்மா சிரித்தாள். "சொன்ன பேச்சைக் கேக்கறானா மேடம்?"

சுண்டெலி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.