ஒரு லாகின்... ஒரு மரண அறிவிப்பு

போன் அடித்தது.

எடுக்க முடியாத நேரம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், புனிதா ஒரு வாடிக்கையாளரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உஷாராணி. கிள்ளானில் சேலைக் கடை வைத்திருப்பவர். பேனா அவர் கையில். கையெழுத்துதான் பாக்கி.

புனிதா விற்பது வெப்சைட். ஒரே தடவை விலைக்கு இல்லை... மாதச் சந்தாவுக்கு. சந்தா கட்டுகிற வரைக்கும் கடைக்காரருக்கு எந்தத் தலைவலியும் கிடையாது. படம் மாற்றுவது, பழுது பார்ப்பது, திருடன் நுழையாமல் காவல் காப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"சைட் தனித்தனியாதான் இருக்கும்லா? என் கஸ்டமர் விஷயம் பக்கத்துக் கடைக்குப் போயிடக் கூடாது."

"ஃபிளாட் மாதிரிதான்க்கா. கட்டடம் ஒண்ணு, வீடு தனித்தனி. அவங்கவங்க கதவு, அவங்கவங்க பூட்டு."

மல்டிசைட் என்று அதற்குப் பெயர். ஒரே அஸ்திவாரம். அதன்மேல் எத்தனை கடைக்கு வேண்டுமானாலும் சைட் எழுப்பலாம்.

அந்தக் கட்டடம் முழுவதையும் திறக்கிற மாஸ்டர் சாவி ஒன்று உண்டு என்பதை மட்டும் புனிதா சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள்.

சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தி அவள். இன்னொருவன் அவளுடைய கூட்டாளி பிரவின்.

போன் ஓயவில்லை. எடுத்தாள்.

ஒரு முதியவரின் குரல். யாழ்ப்பாணத் தமிழின் இழுப்பு, தலைமுறை தாண்டியும் போகாத இழுப்பு.

"பிள்ளை, என்ர பேர் சிவசம்பு. கிள்ளான்ல இருந்து கதைக்கிறன். இண்டைக்குக் காலமை நான் செத்துப்போனன் எண்டு உங்கட வெப்சைட்டில போட்டிருக்கு."

புனிதா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அங்கிள், நீங்க..."

"உயிரோடதான் இருக்கிறன். இப்போதைக்கு."

அந்த 'இப்போதைக்கு' அவள் முதுகில் ஈரமாக இறங்கியது.

கிள்ளானில் ஈமச்சடங்கு சேவை நடத்தும் திருச்செல்வம் அவளுடைய சந்தாதாரர். இறந்தவரின் குடும்பத்தார் அவருடைய சைட்டில் தாங்களே மரண அறிவிப்பு போட்டுக்கொள்ளலாம். அந்த வசதியைச் சொல்லித்தான் புனிதா அவரை மடக்கியிருந்தாள்.

திறந்து பார்த்தாள்.

மாலை போட்ட சட்டத்துக்குள் ஒரு முகம். ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி சிவசம்பு, இன்று காலை இறைவனடி சேர்ந்தார். துயருறும் மனைவி பூரணம்...

எட்டிப் பார்த்த உஷாராணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"உயிரோட இருக்கிறவங்களைச் சாகடிக்கிற கட்டடத்துல எனக்கு வீடு வேணாம் தங்கச்சி."

செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

புனிதா அறிவிப்பை நீக்கிவிட்டுத் திருச்செல்வத்தை அழைத்தாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். தான் பார்த்து அனுமதி கொடுக்காமல் எந்த அறிவிப்பும் வெளியே போகாது என்று சொல்லித்தானே சைட்டை விற்றாய் என்று திருப்பிக் கேட்டார்.

உண்மைதான். அந்த அனுமதிப் பூட்டை அவளே போட்டிருந்தாள்.

இப்போது பூட்டு இல்லை.

நேற்று யாரோ எடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் சாவி இல்லாமல் எடுக்க முடியாத பூட்டு. அவள் எடுக்கவில்லை.

அப்படியானால்...

பிரவின் வெளியே படிக்கட்டில் நின்று தணிந்த குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் போனை வைத்தான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவள் பக்கத்தில் வந்தால் லாப்டாப்பை மூடுகிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்.

விஷயத்தைச் சொன்னாள். பூட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், தேடிப் பார்க்கிறேன் என்றான். அறிவிப்பைப் போட்ட கணக்கு சஞ்சீவ் என்ற பெயரில் இருக்கிறது, கூடவே ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான் தெரிகிறது என்றான்.

சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். கொஞ்சம் அதிகமாகவே சீக்கிரம்.

புனிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிவசம்புவை அழைத்தாள். பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"அங்கிள்?"

"சஞ்சீவ்... என்ர மனிசியின்ர அக்கா மகன். நல்ல பெடியன், பிள்ளை. அவனைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரேல்லை."

அவனை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், நேருக்கு நேர் கேட்கப் போவதாகவும் சொன்னார். நானும் வரலாமா என்று புனிதா கேட்டாள்.

"வாங்கோ. எனக்கும் ஒரு சாட்சி வேணும்."

எங்கே போகிறாள் என்று பிரவினிடம் சொல்லாமல் காரை எடுத்தாள்.

நெடுஞ்சாலையில் லோரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஷா ஆலாம் தாண்டும்போது பிரவின் அழைத்தான்.

"எங்க இருக்க?"

"எதுக்கு?"

"வண்டி ஓட்டறியா? ஓரமா நிறுத்து."

நிறுத்தினாள்.

"அந்த சஞ்சீவ் அக்கவுன்ட் திருச்செல்வம் அண்ணே சைட்டோட நிக்கலை. செமினியில நம்ம கஸ்டமர் ஒருத்தர், தோட்டச் சாமான் கடை இருக்குல்ல... அங்கயும் அதே அக்கவுன்ட் போயிருக்கு. ரெண்டுமே நம்ம கட்டடம்தானே. ஒரு கடையில திறந்த லாகின் எல்லாக் கடைக் கதவையும் திறக்கும். அது அந்த ஆளுக்குத் தெரியல."

"அங்க என்ன வேலை?"

"எலி மருந்து வாங்கியிருக்கு. கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மாஸ்க் போட்ட ஆள் ஒருத்தர் நேர்ல வந்து எடுத்துட்டுப் போனாராம்."

கார் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. புனிதாவுக்கு வேர்த்தது.

"இதையெல்லாம் நீயே ஜோடிக்கலைன்னு நான் எப்படி நம்பறது பிரவின்? பூட்டை எடுத்தது யாரு?"

கேட்டுவிட்டாள்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

"நான்தான். அறிவிப்பு லேட்டாகுதுன்னு திருச்செல்வம் அண்ணே மக கேட்டா. எடுத்துட்டு உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். நேத்து எனக்கு சைபர்ஜாயாவுல இன்டர்வியூ. வேற வேலை பார்க்கிறேன் புனிதா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

வலித்தது. ஆனால் அது பொய்யாகவும் இருக்கலாம். இவ்வளவு தோதான ஒரு பொய்யை இவனால் தயார் செய்ய முடியும்.

ஒரு வழி இருந்தது. இவனையும் சோதிக்கலாம், சஞ்சீவையும் சோதிக்கலாம்.

சிவசம்புவின் முகவரியைச் சொன்னாள். கிள்ளான் போலீஸுக்கு நீயே பேசி அனுப்பு என்றாள். குற்றவாளியாக இருந்தால் அனுப்ப மாட்டான்.

"இன்னொண்ணு. நான் மெசேஜ் போட்டதும் அந்த அக்கவுன்டுக்கு பாஸ்வேர்ட் மாத்துற மெயில் அனுப்பு. யாரோட போன் சத்தம் போடுதுன்னு பார்க்கணும்."

* * *

சுத்தமான வரிசை வீடு. வாசலில் ரோஜாத் தொட்டிகள். பூரணம்தான் கேட்டைத் திறந்தார். மெலிந்த உடம்பு. கண்கள் அழுது சிவந்திருந்தன. ஜோகூரிலிருந்து தங்கை ஒப்பாரியோடு போன் செய்தாளாம். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனை எட்டிப் பார்த்துத்தான் நம்பினாராம்.

ஹாலில் சிவசம்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் போன், நெற்றியில் திருநீறு.

சற்று நேரத்தில் சஞ்சீவ் வந்தான். உயரமானவன். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். சின்னம்மாவுக்குப் பிடித்த வடையாம். பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே தன் போனையும் வைத்தான்.

புனிதாவின் கண் வடைக்கும் போனுக்கும் இடையே ஓடியது.

யாரும் அந்த வடையைத் தொடக் கூடாது.

சிவசம்பு கோபப்படாமல் கேட்டார். அறிவிப்பு உன் பெயரில் வந்திருக்கிறதாம், என்ன சொல்கிறாய் என்றார். சஞ்சீவ் பதறினான். தனக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது என்றான். அந்த சைட்டைப் பார்த்ததுகூட இல்லை என்றான். குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறதா, பிடிபட்டதால் நடுங்குகிறதா?

பூரணம் இருவருக்கும் நடுவில் புகுந்து, போதும் விடுங்கள் என்று அழுதார்.

"நீ ஏன் அழுகிறாய்? உடம்பெல்லாம் நடுங்குது பார். இரு." சிவசம்பு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

இதுதான் சமயம். புனிதா மடியில் போனை மறைத்துத் தட்டினாள்.

*இப்போ.*

சஞ்சீவின் போனையே பார்த்தாள்.

அது கறுப்பாகக் கிடந்தது. சத்தமில்லை. வெளிச்சமில்லை.

ஆனால் எங்கோ ஒரு 'டிங்' கேட்டது.

அடுப்படியிலிருந்து.

சிவசம்பு ஒரு கையில் போத்தலும் மறு கையில் சின்ன எவர்சில்வர் கோப்பையுமாக வந்தார். கரிய மூலிகை டானிக்.

தற்செயலாக இருக்கலாம். யாருக்கும் எப்போதும் மெயில் வரும்.

*மறுபடியும்.*

டிங்.

அரைக்கைச் சட்டையின் பையிலிருந்து. சிவசம்பு குனிந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. போனைத் தொடாமல் கோப்பையில் டானிக்கை ஊற்றினார்.

புனிதா நிமிர்ந்தாள். வடைமேல் வைத்திருந்த கண்ணை எடுத்தாள்.

"அந்த டானிக் யார் வாங்கினது ஆன்டி?"

"சஞ்சீவ்தான் பிள்ளை. சித்தப்பாவின்ர முழங்காலுக்கு எண்டு போன கிழமை கொண்டுவந்து தந்தவன்."

"நடுக்கத்துக்கும் நல்லது. குடி," என்றார் சிவசம்பு.

பூரணம் கோப்பையை வாங்கினார்.

*இன்னொரு தடவை.*

டிங்.

பூரணத்தின் உதட்டருகே போன கோப்பையைப் புனிதா தட்டிவிட்டாள். அது சுவரில் மோதி உருண்டது. கறுப்புத் திரவம் தரையில் வழிந்தது.

"என்ன செய்யிறீர்? என்ர டானிக்கை ஏன் கொட்டினீர்?" சிவசம்புவின் குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியது.

"போத்தல்ல இன்னும் இருக்கே அங்கிள். உங்க டானிக்தானே? நீங்க ஒரு வாய் குடிங்க."

அவர் போத்தலைப் பார்த்தார்.

மனைவியைப் பார்த்தார்.

குடிக்கவில்லை.

சஞ்சீவ் பெரியவர் கையிலிருந்து போத்தலை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தான். வாசலில் போலீஸ் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பிரவின் அனுப்பியிருக்கிறான்!

புனிதா கண்ணை மூடித் திறந்தாள்.

* * *

இன்ஸ்பெக்டர் வாசு அதிகம் கேட்கவில்லை. போத்தலையும் சட்டைப்பைப் போனையும் எடுத்துக்கொண்டார். சஞ்சீவ் பெயரில் திறந்த மின்னஞ்சல் அந்தப் போனில்தான் இருந்தது. மூன்று கடிதங்களும் வரிசையாக, பிரிக்கப்படாமல்.

பெரியவர் கொஞ்ச நேரம் ரயில்வே அதிகாரியாகவே பேசிப் பார்த்தார். பிறகு உடைந்தார்.

வீடு பூரணத்தின் பெயரில். பிள்ளை இல்லாத அவர், அதை அக்கா மகனுக்கு எழுதி வைக்கப் போவதாகப் போன மாதம் சொல்லியிருக்கிறார். மனைவியைக் கொன்றால் சந்தேகம் முதலில் புருஷன்மேல்தான் விழும். அதனால் தன்னைத்தானே முதலில் சாகடித்துக்கொண்டார், கணினித் திரையில். சஞ்சீவ் வாங்கி வந்த டானிக்கில், மாஸ்க் போட்டுப் போய் சஞ்சீவ் பெயரில் இவரே வாங்கிய எலி மருந்து. சஞ்சீவ் பெயரிலேயே மரண அறிவிப்பு. குறி வைத்தது சித்தப்பாவுக்கு, தவறிப்போய்ச் செத்தது சின்னம்மா என்று ஊரே சொல்லும். அக்கா மகன் ஜெயிலுக்கு. வீடு அவருக்கு. அதைப் பார்த்துச் சொல்ல, வெளியிலிருந்து ஒரு சாட்சியும் தானாகக் காரேறி வந்து சேர்ந்தாள்.

மரண அறிவிப்புச் சைட்டில் திறந்த கணக்கே தோட்டச் சாமான் கடையிலும் வேலை செய்தபோது, திரும்பப் பதிவு செய்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். இரண்டு கடைக்கும் அடியில் ஒரே அஸ்திவாரம் என்று அவருக்கு யார் சொல்வது? புனிதாவே யாருக்கும் சொல்வதில்லையே.

நாளைக்கே எல்லாச் சந்தாதாரரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். போகிறவர்கள் போகட்டும்.

பிரவினுக்கு எதையோ தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். கடைசியில், 'உன்னைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிடு' என்று மட்டும் அனுப்பினாள். அவனிடமிருந்து உடனே பதில் வரவில்லை. அதுவும் நியாயம்தான்.

போலீஸ் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. சிவசம்பு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சஞ்சீவ் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். பூரணம் உட்கார்ந்தார். அழவில்லை. புனிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூரணமே பெருமூச்சு விட்டுப் பேசினார்.

"கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி ஊத்தித் தந்ததில்லை இந்த மனுசன். இண்டைக்கு டானிக் ஊத்தித் தந்தவுடனயே எனக்கு விளங்கியிருக்கோணும் பிள்ளை!"